சத்தம் போடாத கிரிப்டான்

அத்தியாயம் 6

மண்ணூரில் ஜெபகுமார் குடியிருந்த அறையைத் திறந்துவிட்ட வீட்டுக்காரி கங்கம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டாள். நாலு வருஷமாக வாடகைக்கு இருந்தவனைப் பற்றி அவளிடம் கேட்க சத்யப்பிரியா பத்துக் கேள்விகள் வைத்திருந்தாள். பத்துக்கும் சேர்த்து ஒரே பதில்தான் வந்தது.

"இருந்ததும் தெரியாதும்மா, போனதும் தெரியல."

வரிசையாக எட்டு அறைகள். மற்ற ஏழிலும் அறைக்கு நாலு பேர், ஐந்து பேர். ஷிஃப்ட் முடிந்து வருகிறவன், எழுந்து போகிறவனின் பாயிலேயே சூடு ஆறுமுன் படுத்துவிடுவான். கொடியில் ஏழெட்டு கம்பெனிகளின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஜெபகுமார் மட்டும் முழு அறையையும் ஒற்றை ஆளாக எடுத்திருந்தான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணை, ஒரு பைபிள். சுவரில் ஆணிகூட ஒன்றுதான்.

சத்யப்பிரியா அந்தத் தட்டைத் தேவைக்கு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்ரீபெரும்புதூரில் அவளுடைய சமையல் மேடையிலும் காலையில் கழுவிக் கவிழ்த்தது ஒரு தட்டும் ஒரு டம்ளரும்தான். கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைத் துருவிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தாள். காணாமல் போனவர்களைத் தேடுவதே பிழைப்பாகிவிட்டது. தான் காணாமல் போனால் முதலில் கவனிக்கப்போவது பால்காரரா பேப்பர்காரரா என்று சில ஞாயிற்றுக்கிழமைகளில் தோன்றும். பால்காரர்தான் என்று அவளே முடிவு செய்து வைத்திருந்தாள்.

"ஒத்த ஆணியில காலத்த ஓட்டுன ஆளு மேடம் இது," என்றார் தாவீது. "திருட்டு புத்தி கீறவனா இருந்தா ரெண்டாவது ஆணியாவது அடிச்சிருப்பான்."

தாவீதுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவர். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை எந்த கேட்டில் எந்த செக்யூரிட்டி எத்தனை மணிக்குக் கண் அசருவான் என்பது அவருக்கு அத்துப்படி. இப்போது சத்யப்பிரியாவின் காருக்கு டிரைவர், அலுவலகத்துக்கு ஒரே ஊழியர், அவளோடு நாள் முழுக்கப் பேசுகிற ஒரே மனிதர். அவர் பேசுவதில் பாதி நக்கல் என்பதால் அவள் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

விவகாரம் இரண்டு நாள் முன்னால் தொடங்கியது. ஒரகடத்தில் பிஸ்கட் பாக்கெட்டுக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கும் பிளாஸ்டிக் தாள் தயாரிக்கிற 'செவ்வந்தி ஃபிலிம்ஸ்' என்ற ஃபேக்டரியின் மேனேஜர் ரகுபதி அவளைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அங்கே ஓடுகிற தாளின் கனத்தைத் தொடாமலே அளக்க ஒரு கருவி உண்டு. தாளுக்கு மேலே பழைய ஒரு ரூபாய் அளவுக்கு ஓர் உலோக வட்டு. அதற்குள் அடைத்திருப்பது கிரிப்டான் என்கிற வாயு. அதிலிருந்து கதிர் கிளம்பி, தாளைத் துளைத்து, அடியில் இருக்கிற கருவிக்கு வரும். தாள் தடித்தால் கதிர் குறையும், மெலிந்தால் கூடும். பத்து வருஷம் உழைத்த கருவியை இரண்டு வருஷம் முன்னால் மாற்றி, அதிலிருந்த பழைய வட்டைத் தயாரித்தவர்களுக்கே திருப்பி அனுப்புவதற்காக ஸ்டோரில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். அந்த வட்டைத்தான் காணோம். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான டெக்னீஷியன் ஜெபகுமாரையும் பதினோரு நாளாகக் காணோம்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்ஷன். அதற்குள் சத்தமில்லாமல் மீட்க வேண்டும் என்றார் ரகுபதி. வட்டைக் கண்டால் பத்தடி தள்ளியே நிற்க வேண்டும், தொடவே கூடாது, உடனே தனக்குப் போன் பண்ணினால் ஆள் அனுப்புகிறேன் என்று மூன்று தடவை எச்சரித்தார். ஏசி அறையிலும் அவருக்கு வேர்த்திருந்தது.

அறையில் தேட அதிகம் இல்லை. அலமாரியின் மேல்தட்டில் ஒரு சின்ன டிபன் டப்பா இருந்தது. திறந்த தாவீது அப்படியே இரண்டடி பின்னால் போனார். உள்ளே, கட்டம் போட்ட கைக்குட்டையின் மேல், வெள்ளி நிறத்தில் ஒரு வட்டு. அதன் மேல் மஞ்சள் ஸ்டிக்கர். கதிர்வீச்சு எச்சரிக்கைப் படம். 'Kr-85' என்ற எழுத்து.

ஃபேக்டரியின் தரக்கட்டுப்பாட்டுப் பெண் அமலா கொடுத்தனுப்பிய கையடக்க மீட்டரை சத்யப்பிரியா டப்பாவை நோக்கி நீட்டினாள். கதிர் இருந்தால் அது டிக் டிக்கென்று பொரியும் என்று அமலா சொல்லியிருந்தாள். மீட்டர் எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று என்று சொட்டியது. வாசலில் நின்றபோதும் அப்படித்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

"வயசாயிடுச்சே, ஓஞ்சு போச்சோ என்னமோ," என்றார் தாவீது, கதவுக்கு வெளியிலிருந்து.

மீட்டரே பழுதாக இருக்கலாம். சத்யப்பிரியா கொஞ்சம் யோசித்துவிட்டு, பஜாருக்குப் போய் ஒரு பெட்ரோமாக்ஸ் மேண்டில் வாங்கி வரச் சொன்னாள். எதற்கு, கரண்ட் இருக்கிறதே என்று கேட்டபடி தாவீது போனார். சர்ச் திருவிழாவுக்கு விளக்கு வாடகைக்கு விடுகிற கடையில் ஒன்று கிடைத்தது. அந்த வெள்ளை வலைப்பையை மீட்டருக்குப் பக்கத்தில் பிடித்ததும் மீட்டர் படபடவென்று பொரிந்தது. தாவீது அதைக் கீழே போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். இன்ஷூரன்ஸ் நாட்களில், துறைமுக கேட்டில் அலாரம் அடிக்கவைத்த ஒரு பெட்டி மேண்டிலை அவள் பார்த்திருந்தாள். வலையில் தோரியம் என்றொரு பொருள் துளி கலந்திருக்கும். வெளிச்சத்துக்காகச் சேர்ப்பது.

"சின்ன வயசுல இத்த வாயில வெச்சி ஊதியிருக்கேன் மேடம்."

"அதான் இன்னும் வாய் மூடல," என்றாள் அவள்.

மீட்டர் நன்றாக இருந்தது. வட்டுதான் ஊமை. அவள் அமலாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள். அமலா நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். முதலில், ஓய்ந்து போக வாய்ப்பே இல்லை என்றாள். எண்பத்தைந்தாம் நம்பர் கிரிப்டான் பாதியாகக் குறையவே பதினோரு வருஷம் கிட்ட ஆகும். பன்னிரண்டு வருஷப் பழசு என்றால் பாதிக்கு மேல் கொஞ்சம் போயிருக்கும். மீதி இருப்பதே மீட்டரைக் கத்த வைக்கும்.

வாயு கசிந்து போயிருக்குமோ?

வட்டின் ஒரு பக்கம் சவ்வு மாதிரி மெல்லிய தகடு இருக்கும், அது லேசாக உப்பியிருக்கிறதா பாருங்கள் என்றாள் அமலா. சத்யப்பிரியா பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். உப்பித்தான் இருந்தது. அப்படியானால் வாயு உள்ளேதான் இருக்கிறது. உள்ளே இருக்கிறது, சத்தம் போடவில்லை.

எதிர்முனையில் மெஷின் ஓசை தள்ளிப் போனது. பிறகு அமலா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். கிரிப்டான் மந்த வாயு. எதனோடும் ஒட்டாது, உறவாடாது. காற்றிலிருந்து பிரித்தெடுக்கிற கிரிப்டானில் ஆறு வகை உண்டு. எடையில் துளித்துளி வித்தியாசம், ஆறும் எந்தக் காலத்திலும் கம்மென்றே கிடக்கும். எண்பத்தைந்தாம் நம்பர் மட்டும் அணு உலையில் பிறந்தது. அதில்தான் அணு ஒவ்வொன்றாக உடைந்து, கதிரை விட்டுவிட்டு, ருபீடியம் என்ற வேறு பொருளாக மாறிக்கொண்டே இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. நிறம் இல்லை, வாசனை இல்லை. புது மெஷினோடு ஒரு டம்மி வட்டு அனுப்புவார்கள், ஆட்கள் பொருத்திப் பழகுவதற்கு. அதில் அடைத்திருப்பது அந்தச் சாதுவான கிரிப்டான்தான்.

"ஸ்டிக்கரைக் கிழிச்சுப் பாருங்க மேடம். உலோகத்துலயே வெட்டியிருப்பாங்க."

தாவீது நகத்தால் சுரண்டினார். மஞ்சள் ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அதன் அடியில், உலோகத்தில் வெட்டியிருந்தது 'Kr' மட்டும். எண்பத்தைந்து இல்லை.

"பேரு கீது," என்றார் தாவீது. "இனிஷியலக் காணோம்."

சத்யப்பிரியா வட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு டம்மிக்கு எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியது யார்? அதைத் திருடிக்கொண்டு ஒருவன் ஏன் ஓட வேண்டும்? ஓடுகிறவன் அதை அறையிலேயே ஏன் விட்டுவிட்டுப் போக வேண்டும்? அவள் ரகுபதிக்குப் போன் செய்தாள். மீட்டரைப் பற்றியோ ஸ்டிக்கரைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெபகுமாரின் அறையில் வட்டு கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ரகுபதி பெருமூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது.

"ரொம்ப நல்லதுங்க. அப்படியே ஹேண்ட்பேக்ல போட்டு எடுத்துட்டு வந்துடுங்க. வேற யாருக்கும் காட்ட வேணாம்."

அவள் சரி என்று போனை வைத்தாள். தாவீது அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பத்தடி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அவருக்கும் விளங்கிவிட்டது. முந்தாநாள் பத்தடி தள்ளி நில் என்று மூன்று தடவை சொன்ன மனுஷன், இன்று அதைப் பெண்பிள்ளையின் கைப்பையில் போட்டுக்கொண்டு வா என்கிறான். உள்ளே இருப்பது சாதுவான சரக்கு என்று தெரிந்தவன்தான் அப்படிச் சொல்ல முடியும். ஸ்டிக்கர் ஒட்டிய கை யாருடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அப்படியானால் நிஜ வட்டு எங்கே?

டப்பாவிலிருந்த கைக்குட்டையை அவள் உதறினாள். மடித்த ஜெராக்ஸ் ஒன்று விழுந்தது. இரண்டு வருஷம் முன்னால் தேதியிட்ட ஸ்கிராப் கேட் பாஸ். பழைய மெஷின் பாகங்கள், ஒரு லாட். எடுத்துப்போனது வாலாஜாபாத் பலராமன் இரும்புக் கடை. அனுமதித்த கையெழுத்து ரகுபதி. கருவி மாற்றிய மறுநாளின் தேதி அது. பழைய கருவியின் தலையைக் கழற்றிய அவசரத்தில், உள்ளே வட்டு இருக்க, அப்படியே பழைய இரும்போடு லாரியில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். தெரிந்ததும் தேடிப்போய் மீட்காமல், காலிப் பெட்டியை டம்மியால் நிரப்பி மூடிவிட்டார் ரகுபதி.

இரண்டு வருஷமாக அந்த வட்டு உயிரோடு எங்கேயோ கிடக்கிறது. யாருடைய வீட்டில், யாருடைய கையில் என்று யாருக்கும் தெரியாது.

ஒரகடம் தாண்டியதும் லாரிகள் குறைந்தன.  அந்த மேண்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று அவள் கேட்டாள். டேஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறேன், திருவிழாவுக்கு உதவும் என்றார் தாவீது.

பலராமனின் கடை ஊர் எல்லையில் இருந்தது. துருவேறிய கம்பிகள், பழைய மோட்டார்கள், நசுங்கிய டிரம்கள் என்று ஆள் உயரக் குவியல்கள். பலராமன் நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். ஜெபகுமாரின் போட்டோவைக் காட்டியதும் தலையை ஆட்டிக்கொண்டார். பத்து நாள் முன்னால் வந்தானாம். கையில் டிக் டிக்கென்று அடிக்கிற ஒரு பெட்டி. இரண்டு நாள் முழுக்க வெயிலில் ஒவ்வொரு குவியலாகச் சுற்றினானாம், தரையில் குனிந்து, தொலைந்த ஆட்டைத் தேடுகிறவன் மாதிரி. சோறு வேண்டாம் என்றானாம். மூன்றாம் நாள் காலையில், பித்தளை பிரித்துக்கொண்டிருந்த செல்லம்மாள் பக்கத்தில் போனபோது பெட்டி படபடவென்று அடித்ததாம்.

"அந்தப் பொம்பளயாண்ட இன்னாமோ கெஞ்சினான். அது இடுப்புல கீற சுருக்குப் பையைத் தெறந்து ஒரு வில்லயக் குடுத்துது. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுல பூட்டாங்க," என்றார் பலராமன். "நான் வேற மாரி நெனச்சிக்கினேன்."

"ஊரே அப்டித்தான் நெனைக்கும், நீ மட்டும் இன்னா பண்ணுவ," என்றார் தாவீது.

செல்லம்மாளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கடையின் பின்கொட்டகையிலேயே படுத்துக்கொள்பவள். இடுப்பில் ஒரு புண் ஆறாமல் இருந்ததாகவும், வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று விட்டுவிட்டதாகவும் பலராமன் சொன்னார். அப்போது அவர் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

போகுமுன் ஜெபகுமார் ஒரு வேலை செய்திருந்தான். கடையின் கோடியில், ஆள் நடமாட்டமில்லாத மூலையில், கனத்த இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்று தனியாகக் கிடந்தது. சுற்றிலும் முள் வெட்டிப் போட்டிருந்தான். அட்டையில் பெரிய எழுத்தில் 'தொடாதே' என்று எழுதி, கம்பியால் கட்டியிருந்தான். தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டு, தன் டிக் டிக் பெட்டியால் அளந்துவிட்டுப் போகிறானாம். என்ன ஏது என்று கேட்டால் இன்னும் கொஞ்ச நாள் அண்ணாச்சி என்பானாம்.

சத்யப்பிரியா முள்வேலிக்கு இப்பாலேயே நின்று மீட்டரை நீட்டினாள். மண்ணூரில் சொட்டிக்கொண்டிருந்த மீட்டர், இரும்புத் தகட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே விடாமல் பொரிய ஆரம்பித்தது.

தாவீது சிலுவை போட்டுக்கொண்டார். அவள் அவரைப் பின்னால் நகரச் சொல்லிவிட்டு, கதிர்வீச்சு அவசர எண்ணை அழைத்து, தன் பெயர், இடம், பார்த்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். இரண்டு மணி நேரத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள், அதுவரை யாரையும் கிட்டே விட வேண்டாம் என்றார்கள். பலராமன் கடைக் கதவைச் சாத்திவிட்டு ஸ்டூல் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

புண்ணோடு ஆட்டோ ஏறியவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்பது சத்யப்பிரியாவுக்குப் புரிந்தது. அரசு ஆஸ்பத்திரி அங்கிருந்து சற்றுத் தூரம்தான். பெண்கள் வார்டின் வாசலில், வராண்டாச் சுவரில் சாய்ந்து ஒருவன் உட்கார்ந்திருந்தான். பத்து நாள் தாடி. மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை; அதில் பிளாஸ்க், பன், உரித்த சாத்துக்குடி. கம்பெனிச் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டதில் காலர் நைந்திருந்தது. பதினோரு நாளாகத் தேடப்பட்ட குற்றவாளி, யாரோ ஒரு பெண்ணுக்குத் துணைக்கு இருந்துகொண்டிருந்தான்.

சத்யப்பிரியா பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். யார் என்று சொன்னாள். ஓடுவான் என்று எதிர்பார்த்து தாவீது படிக்கட்டை மறித்து நின்றார். ஜெபகுமார் எழுந்திருக்கக்கூட இல்லை. எப்போது வருவீர்கள் என்று காத்திருந்தவன் போலத் தலையை மட்டும் ஆட்டினான்.

தெற்கே நாசரேத் பக்கத்துக்காரன். அம்மா போன பிறகு ஊருக்குப் போக முகாந்திரம் இல்லை. வேலை, அறை, ஞாயிற்றுக்கிழமை கோயில். கோயிலிலும் கடைசி பெஞ்சு. நாலு வருஷத்தில் ஃபேக்டரி லைனில் அவனை எல்லாரும், கனம் அளக்கிற அந்தக் கேஜின் பேரிலேயே, கேஜ்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் தெரிந்தவர்கள் குறைவு. இதெல்லாம் அவனாகச் சொன்னதில்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். ஆனால் கடைசி விஷயத்தை அவனே சொன்னான்.

"மூணு மாசத்துக்கு ஒருக்க பெட்டியத் தெறந்து மீட்டர் வச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடணும் மேடம். நான் தெறக்கல. மேனேஜர் நான் பாத்துட்டேன், நீ போடுன்னாரு. எட்டு தடவ போட்டேன். கேள்வி கேட்டா முகஞ்சுளிப்பாரேன்னு பயம்."

ஒன்பதாவது தடவை, இன்ஸ்பெக்ஷன் வருகிறதே என்று திறந்து பார்த்திருக்கிறான். மீட்டர் பேசவில்லை. ரகுபதியிடம் போய் நின்றபோது அவர் எட்டுக் கையெழுத்தையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டி, இதில் என் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டாராம். அன்று மாலையே அவன் டம்மியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அது மறுபடி பெட்டிக்குள் போய்விட்டால், இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் ஸ்டிக்கரையும் கையெழுத்தையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்; அவன் சொல்வதை யாரும் நம்பப்போவதில்லை.

"போலீசுக்கோ மேலிடத்துக்கோ சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் இருந்தேன். மொதல்ல அது யார் கையில இருக்குன்னு பாத்துருதேன், அப்புறமாச் சொல்லுதேன்னு நெனச்சேன். பாத்தா இந்த அம்மா இடுப்புல வச்சிருக்கு. டாக்டர்கிட்ட உள்ளதச் சொன்னேன். கம்பெனி பேப்பர் கொண்டாங்கன்னாரு. இத விட்டுட்டு எங்க போகச் சொல்லுதீய? கேக்க நாதியில்ல மேடம் அதுக்கு."

வட்டு பழசானதால் செல்லம்மாள் தப்பித்தாள் என்றான். புதுசு என்றால் இரண்டு மடங்குக்கு மேல் சுட்டிருக்கும். பழைய கருவியின் தலையைக் கடையில் உடைத்ததே இரண்டு மாசம் முன்னால்தான். வில்லை பளபளப்பாக இருக்கவே வெள்ளி என்று நினைத்து சுருக்குப் பையில் முடிந்துகொண்டிருக்கிறாள். புண் மெள்ள ஆறுகிறதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

சத்யப்பிரியாவின் போன் அடித்தது. ரகுபதி. இன்னும் வரவில்லையே என்று கேட்டார். கிளம்பிவிட்டீர்களா, பொருள் பத்திரமாக இருக்கிறதா என்றார்.

"பத்திரமா இருக்கு சார்," என்றாள் அவள். "ரெண்டுமே."

  கதிர்வீச்சு அலுவலகத்து ஆட்கள் வாலாஜாபாத்துக்கு வந்துகொண்டிருப்பதையும், கேட் பாஸும் ஸ்டிக்கரும் தன்னிடம் இருப்பதையும், இந்தக் கேஸில் இனி அவர் தன் கட்சிக்காரர் இல்லை என்பதையும் அவள் குரலை உயர்த்தாமல் சொல்லி முடித்தாள். முடிக்குமுன்பே அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.

ஜெபகுமார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த எட்டுக் கையெழுத்துக்கும் நீதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். வேலை போகலாம், லைசென்ஸ் போகலாம், அதைவிடப் பெரிதாகவும் வரலாம். அவன் யோசிக்கவில்லை. போட்டது நான்தானே என்றான். வருகிறவர்களுக்குப் பெட்டியைக் காட்டவும் வாக்குமூலம் எழுதவும் அவன் கடைக்குப் போக வேண்டும். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டவன் அங்கேயே தயங்கி நின்றான்.

"ஆறு மணிக்கு ஊசி போட வருவாவ. அதுக்கு ஊசின்னா பயம். கையப் பிடிச்சுக்கிடணும்."

தாவீது அவன் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார். படிக்கட்டு முழுக்க அந்தக் கையை எடுக்கவில்லை.

வார்டில் ஒன்பதாவது கட்டில். செல்லம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஐம்பத்தைந்து இருக்கலாம். காய்ப்பேறிய விரல்கள். சத்யப்பிரியா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜெபகுமார் ஒரு வேலையாகப் போயிருக்கிறான், வர நேரமாகும் என்றாள். செல்லம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். போலீசா என்று கேட்டாள். இல்லை என்றதும் கொஞ்சம் சமாதானமானாள்.

"என்னைத் தேடிக்கினு வந்த மொத ஆளும்மா அது," என்றாள். "வில்லயத் தேடித்தான் வந்துச்சு. எனக்குத் தெரியாம இல்ல. இருந்தாலும் வந்து நின்னுச்சே."

சத்யப்பிரியா கையோடு கொண்டுவந்திருந்த ஜெபகுமாரின் கூடையைத் திறந்தாள். சாத்துக்குடிச் சுளையை எடுத்துக் கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நோயாளிகளுக்குச் சோறு கொண்டுவந்தவர்கள் கும்பல் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். தூக்குச்சட்டிகளின் சத்தம். யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ஆறு மணிக்கு நர்ஸ் வந்தாள். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, துணைக்கு இருப்பவர்களின் நோட்டைப் புரட்டினாள். செல்லம்மாள் பெயருக்கு எதிரே ஜெபகுமார் என்றும் தம்பி என்றும் எழுதியிருந்தது.

"தம்பி போயிட்டாரா? உறவுக்காரங்க மட்டும்தான் இருக்கலாம். நீங்க யாரு அவங்களுக்கு?"

சத்யப்பிரியா தொழிலில் யார் யாராகவோ சொல்லி எந்தெந்த வீட்டுக்குள்ளோ நுழைந்திருக்கிறாள். காஸ் கம்பெனி, கணக்கெடுப்பு, கல்யாணத் தரகர். அந்த நிமிஷத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவள் எழுந்திருக்கப் போனாள்.

அதற்குள் செல்லம்மாளின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. ஊசிக்குப் பயந்து கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"தங்கச்சி," என்றாள் செல்லம்மாள்.

நர்ஸ் எழுதிக்கொண்டாள். பேரு என்று கேட்டாள். சத்யப்பிரியா தன் சொந்தப் பெயரைச் சொன்னாள்.